கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாச்சி

என் மகளுக்கு, சமையலறை மேசையில் இருந்துகொண்டு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல், காரைச் சூடாக்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். பனியெல்லாம் உருகி, அடுத்த வீட்டுக்காரர் அரைக்கைச் சட்டையோடு புல்லைக் கிளறிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் காருக்கு என்ன சூடு வேண்டிக் கிடக்கிறது? அரை மணி நேரம் காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது நீ போய்விட்டாய். வாயால் சொல்லப் போனால் நான் எதையும் பகிடியில் கொண்டுபோய் முடித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கனகாலத்துக்குப் பிறகு தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். வருகிற சனிக்கிழமை புரோசார்ட்டில் எங்கள் ஐந்தாவது கடை திறக்கிறது. முதல் நான்கும் நான் திறந்தவை, இது நீ திறப்பது. வாசலோடு சேர்த்து, தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி, ஒரு கண்ணாடி அறை கட்டியிருக்கிறாய். இனிமேல் மிளகாயும் மல்லியும் அதற்குள்தான் வறுபடும். "அப்பா, முதல் தாச்சி நீங்கள்தான் வறுக்கவேணும். கண்ணாடிக்குள்ள நிண்டு, எல்லாரும் பாக்க வறுக்கவேணும்" என்றாய். சின்ன விஷயம். வாழ்நாள் முழுக்க இரும்புச் சட்டியில் மிளகாய் வறுத்த மனிதனிடம் இன்னும் ஒரு தாச்சி வறுக்கச் சொன்னாய். அதற்கு ஏன் இந்த மனிதன் எழும்பி ஓடினான் என்று நீ யோசித்திருப்பாய். அதைச் சொல்லாமல் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முதல் வர்த்தகச் சங்கத்துக்காரர் எனக்குச் சால்வை போர்த்தினார்களே, நினைவிருக்கிறதா? நீ அப்போது அமெரிக்காவில் இருந்தாய், அம்மா அனுப்பிய வீடியோவில்தான் பார்த்திருப்பாய். மேடையில் ஒருவர் என்னைப் பற்றி வாசித்தார். ஒரே ஒரு பையோடு மொன்றியலுக்கு வந்தவர், கோப்பை கழுவியவர், யாருடைய தயவும் இல்லாமல் தானே தன்னை வளர்த்துக்கொண்ட வர்த்தகர் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். சனம் அடக்கம் என்று நினைத்தது. அது அடக்கம் இல்லை, வெட்கம். பையோடு வந்தது உண்மை. கோப்பை கழுவியதும் உண்மை. மற்றது முழுக்கப் பொய் என்று எனக்குத் தெரியும்.

தீயணைப்பு வண்டி வந்த கதையை நீ ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் நான்தான் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அந்தக் கதையில் நான் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது. ஆகையால் இன்னொரு தரம் கேள். ஊரிலிருந்து அம்மா வந்து இரண்டு மாதம். கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் ஓர் அறை வீடு. தை மாதக் குளிர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். "இஞ்சருங்கோ, உந்தக் கடைத் தூளில கறி வச்சால் ஆசுப்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு. செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு வாங்கோ, நாங்களே வறுப்பம்" என்றா அம்மா. வாங்கி வந்தேன். அம்மா அடுப்பைக் குறைத்து வைத்தா. எனக்கு அவ்வளவு பொறுமை எங்கே? அவ மல்லியைப் புடைக்கத் திரும்பிய நேரம் பார்த்து நெருப்பைக் கூட்டினேன். ஒரு நிமிடம்தான். பிறகு எனக்கு அம்மாவைத் தெரியவில்லை, அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. யன்னலைத் திறக்கலாம் என்றால், குளிர் வராமல் இருக்க நானே முந்தின கிழமை யன்னல் முழுவதற்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். அதோடு கட்டடம் முழுவதும் அலாரம் அடித்தது.

எல்லோரும் பனிக்குள் நின்றார்கள். வீட்டுச் செருப்போடு மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பிலிப்பைன்ஸ் பெண், பூனையை மேலங்கிக்குள் ஒளித்துப் பிடித்தபடி ஒரு வயோதிபர். அத்தனை பேரும் இருமினார்கள். முகமூடி போட்டு மேலே ஏறிய தீயணைப்புக்காரர்களும் இருமிக்கொண்டே இறங்கி வந்து, எங்கள் தாச்சியைக் கொண்டுவந்து பனியில் வைத்தார்கள். அது 'உஸ்' என்றது. அவர்களில் பெரியவர் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்தது இரண்டு சொல். "மெர்சி" என்றேன். அவர் மறுபடி கேட்டார். "போன்ஜூர்" என்றேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண், சென்னையிலிருந்து படிக்க வந்தவள், குளிரில் பல் கிடுகிடுக்கச் சொல்லித் தந்தாள்: "'பார்தோன்'னு சொல்லுங்கண்ணா. மன்னிப்புன்னு அர்த்தம். விட்டுடுவாங்க." சொன்னேன். அவர் தோளில் தட்டிவிட்டார். பிறகு நான் ஒவ்வொருவராய்ப் போய் எல்லோருக்கும் பார்தோன் சொன்னேன். பூனைக்காரருக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அடுத்தது உனக்குத் தெரியும். நாலாம் மாடிப் பூமணி அக்கா, ஆசுப்பத்திரியில் துப்பரவு வேலை செய்தவ, குனிந்து தாச்சிக்குள்ளிருந்து ஒரு மிளகாயை எடுத்து உடைத்து மணந்து பார்த்தா. "அடியில கிடக்கிறது கருகிப்போச்சு. மேல கிடக்கிறது நல்ல பதம். தம்பி, நான் சாமான் தாறன், எனக்கும் ஒரு கிலோ வறுத்துத் தாறியளோ?" என்றா. ஊரெல்லாம் சிரிக்கிற இடம் இது. இங்கேதான் எங்கள் வியாபாரம் தொடங்கியது என்று நானும் பெருமையாகச் சொல்லி முடிப்பேன். நான் சொல்லாமல் விடுவது என்னவென்றால், அன்று பூமணி அக்கா கேட்டதைவிட, பார்தோன் என்ற அந்த மூன்றாவது சொல்தான் எனக்குள் ஆழமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் சாப்பாட்டின் மணம் பிறருக்குத் தொந்தரவு, அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவோடு முப்பது வருடம் கடை நடத்தினேன்.

நான் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடையின் முதலாளி ஒரு கிரேக்கர். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அடுப்புக்கு மேலே பெரிய புகைபோக்கி இருந்தது. "வறுத்துக்கொள், பிறகு புகைபோக்கியைக் கழுவிவிட்டுப் போ" என்றார் அந்த மனிதர். அவ்வளவுதான் வாடகை. நான் கிளறுவேன். அம்மா ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மணத்தையே கவனித்தபடி உட்கார்ந்திருப்பா. "இப்ப இறக்குங்கோ" என்பா. இறக்கினால் சரியாக இருக்கும். நான் என் கணக்குக்கு ஒரு நிமிடம் பிந்தி இறக்கினால் கசக்கும். இன்றைக்கும் எனக்குப் பதம் தெரியாது, மகளே. நாலு கடைக்கு முதலாளி, மிளகாய் எப்போது இறக்குவது என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கிறவன். சால்வை போர்த்தியவர்கள் தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவவுக்கு ஒரு பூ கூடக் கொடுக்கவில்லை, நானும் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இது முதல் பிழை.

எங்கள் பெண்கள் பொதுத் தூளுக்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு மல்லி கூட வேண்டும், ஒரு வீட்டில் வெந்தயத்தின் பேச்சே எடுக்கக்கூடாது, ஒருத்தி பெருஞ்சீரகத்தை வறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகையால் வீட்டுக்கு ஓர் அட்டை எழுதினேன். அட்டைகள் ஒரு பிஸ்கட் பெட்டியில் நிறைந்தன. அந்தப் பெட்டிதான் என் படிப்பு. தூளைப் பேருந்தில்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூன்று பையில் சுற்றி, அதற்கு மேல் துவாய் சுற்றுவேன். அப்படியும் யாராவது தும்முவார்கள். அவர் தும்மி முடிக்க முன்னமே நான் "பார்தோன்" என்பேன். பிறகு மெட்ரோவுக்குப் பக்கத்தில், பாலும் பியரும் விற்ற பழைய மூலைக்கடை ஒன்று காலியானது. தூளுக்கு வந்தவர்கள் அரிசி இல்லையா என்று கேட்டார்கள், வைத்தேன். கருவாடு கேட்டார்கள், வைத்தேன். பாவற்காய், பனங்கிழங்கு ஒடியல், பூசைக்குக் கற்பூரம், பிள்ளை பிறந்த வீட்டுக்குக் காயச்சரக்கு, கேட்கக் கேட்க வைத்தேன். பெரிய வியாபார மூளை என்று என்னை மெச்சுகிறார்களே, இரண்டு பேர் ஒரே சாமானைக் கேட்டால் மூன்றாவது ஆள் வரும்போது அது தட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அந்த மூளை. நீயும் அதை விடாதே.

ஆனால் வறுக்கிற இடத்தை மட்டும் கடையின் பின்கோடியில், இரண்டு கதவுக்கு உள்ளே வைத்தேன். கடை திறக்கமுதல் விடிகாலையில் வறுத்து முடித்து, எலுமிச்சை மணக்கும் வாசனைத் திரவியம் அடித்துவிட்டுத்தான் வெளிக் கதவைத் திறப்பேன். மொன்றியல்-நோரில் இரண்டாவது கடை போட்டபோதும் அப்படித்தான். அங்கே ஒரு நாள் ஹெயிட்டிப் பெண் ஒருவர் உள்ளே வந்து, மூக்கை உயர்த்தி ஏதோ சொன்னார். அவர் சொல்லி முடிக்க முதலே நான் பார்தோன், பார்தோன் என்று கதவைத் திறந்து காற்றுப் பிடிக்க விட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உனக்கு அப்போது பத்து வயது, கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். "அப்பா, அவ நல்ல மணம் எண்டெல்லோ சொன்னவ. என்ன வறுக்கிறியள் எண்டு கேட்டவ" என்றாய். எழும்பி, சப்பாத்தும் போடாமல் வெளியே ஓடி அவரைக் கூட்டி வந்தாய். அடுத்த கிழமை அவர் தன் வீட்டு மிளகும் கராம்பும் பையில் கொண்டுவந்தார். நீ பிரெஞ்சில் அவருக்கு ஓர் அட்டை எழுதினாய். எங்கள் பெட்டியில் தமிழ் இல்லாத முதல் அட்டை அது. "உது எங்கட சனத்துக்கு மட்டும்" என்று நான் முணுமுணுத்தேன். அந்த ஒரு அட்டைக்குப் பின்னால் எத்தனை வீடுகள் வந்தன! மூன்றாவது கடையே அவர்களால்தான் எழும்பியது. அதையும் சால்வைக் கூட்டத்தில் என் கெட்டித்தனம் என்றே சனத்தை நினைக்க விட்டுவிட்டேன்.

இனி, நான் உன்னைத் திட்டிய அந்தப் பழைய சனிக்கிழமை. படிப்பை முடித்துவிட்டு வந்து, ஒரு பெரிய தாளில் நீ படம் வரைந்து கொண்டுவந்தாய். வறுக்கிற அறையைக் கடையின் முன்பக்கம் கொண்டுவருவது, சுற்றிவரக் கண்ணாடி. கடை நிறையச் சனம், வேலைக்காரர் ஐந்தாறு பேர், அத்தனை பேருக்கும் முன்னால் நான் கத்தினேன். "கடை எண்டால் கடை, காட்சிச்சாலை இல்லை! ஊருக்கு முன்னால புகை கிளப்பி என்ர மானத்தை வாங்காதை!" நீ படத்தைத் திருப்பி எடுத்தாய். தாளை நான்காய் மடித்தாய். ஒரு மாதத்தில் அமெரிக்காவில், பல மாநிலங்களில் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான்கு வருடம். மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வருவாய், அம்மாவோடு வீட்டில் இருப்பாய், கடைப் பக்கம் கால் வைக்க மாட்டாய். நான் ஊரில் எல்லோரிடமும், "பிள்ளை பெரிய கொம்பனியில பெரிய வேலை" என்று சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. உன்னைத் திட்டியது பிழை என்று அன்று பின்னேரமே எனக்குத் தெரியும். ஏன் திட்டினேன் என்பது மட்டும் கனகாலம் தெரியவில்லை. நான் பின்கதவுக்குள் ஒளித்து வைத்திருந்ததை நீ வாசலில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தாய். நான் எதை விற்று வாழ்ந்தேனோ அதைப் பற்றியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நீ படம் வரைந்து காட்டிவிட்டாய். ஆத்திரம் அதனால் வந்தது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூனைக்காரருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்ட மனிதன், கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் இத்தனை வருடம் கேட்கவில்லை.

பூமணி அக்கா வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தா. அவவின் அட்டையைத் தேடிப் பிஸ்கட் பெட்டியின் அடிவரை கிளறினேன். அடியில் உன் தாள், நான்காய் மடித்தபடி, நீயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். விரித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் தாச்சிக்கு முன்னால் ஓர் ஆளைப் பென்சிலால் கீறி, சின்னதாய் 'அப்பா' என்று எழுதியிருந்தாய். கத்தின அவசரத்தில் நான் அதைப் பார்க்கவேயில்லை. மத்தியானமே உனக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் எடுத்தேன். வாய் வரவில்லை. "பிள்ளை, உந்தக் கண்ணாடி எத்தினை மில்லிமீற்றர் தடிப்பில போடவேணும்?" என்று கேட்டேன். நீ, "பத்து. சூடு தாங்கிற கண்ணாடியா இருக்கவேணும். நான் வந்து பாக்கிறன்" என்றாய். தொலைபேசியை வைத்துவிட்டு நான் கடைக்குள் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, நீ புரோசார்ட்டில் பரீட்சார்த்தமாய் ஒரு தாச்சி வறுத்துப் பார்த்தாயே, அப்போது நான் அங்கே நின்றேன். எதிரே சப்பாத்துக் கடை வாசலில், தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு. திறக்காத கடைக்கு முன்னால் சனம் நின்றது! கை நிறையப் பைகளோடு ஒரு சீனத்து முதியவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்றார். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். கதவு இடுக்கால் வந்த மணத்துக்கு, நெட்டையாய் ஒரு கியூபெக்காரப் பொடியன் மூன்று தரம் அடுக்கித் தும்மினான். என் வாயில் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிட்டேன். நீ சொல்லவில்லை. நீ சிரித்தாய். கதவை இன்னும் அகலத் திறந்து, அவன் கையில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டு மணந்து பார்க்கச் சொன்னாய். அவனும் சிரித்தான், எப்போது திறக்கிறீர்கள் என்று கேட்டிருப்பான் போல, நீ கையை விரித்துச் சனிக்கிழமை வரை எண்ணிக் காட்டினாய். எனக்குக் கண் கலங்கியது. மிளகாய்ப் புகை என்று சொல்லித் தப்பலாம் என்றால், நான் நின்ற இடத்துக்குப் புகை வரவில்லை. நான் நாலு கடை திறந்தேன், மகளே. ஒன்றிலும் நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. செவ்வாய்க்கிழமை நீ நின்ற நிலையைப் பார்த்ததும், இந்த வியாபாரம் வென்றுவிட்டது என்று முதல் தரமாக எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடிக்குள் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, ஆட்கள் பார்ப்பார்கள் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா, தலையை நிமிர்த்தவில்லை. "உங்களை ஆர் பாக்கப்போகினம்? சனம் மிளகாயைத்தான் பாக்கும்" என்றா. முப்பது வருடப் பயத்தை ஒரு வெங்காயம் உரிக்கிற நேரத்தில் முடித்துவிட்டா.

ஆகையால் என் பதில், ஓம். வாறன். முழங்கால் நோவுக்குக் களிம்பு பூசிக்கொண்டு வருகிறேன். ரிப்பன் வெட்டுவதற்கு வேறு யாரையாவது பார், எனக்குக் கத்தரிக்கோல் வேண்டாம், அகப்பை போதும். ஒரு நிபந்தனை உண்டு. நான் தனியே நிற்க மாட்டேன். வெள்ளைத் தொப்பி இரண்டு எடுத்து வை, கண்ணாடிக்குள் ஒரு தக்காளிப் பெட்டியும் கவிழ்த்து வை, கால் ஆடாத நல்ல பெட்டியாய்ப் பார். எப்போது இறக்குவது என்று அம்மா சொல்லட்டும், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். இந்தக் கடிதத்தோடு ஓர் அட்டையும் வைத்திருக்கிறேன். அத்தனை வீட்டுக்கும் அட்டை எழுதிய நான் எங்கள் வீட்டுக்கு எழுதவேயில்லை. அம்மா சொல்லச் சொல்ல இன்று காலை எழுதினேன், கருவேப்பிலை எத்தனை இணுக்கு என்பதுவரை இருக்கிறது. புதுப் பெட்டியில் அதை முதலாவதாக வை. அதன்படிதான் சனிக்கிழமை வறுப்போம்.

பத்து மணிக்குக் கதவைத் திற. நெருப்பை நான் குறைத்தே வைக்கிறேன், அம்மா பக்கத்தில் இருக்கிறா. அப்படியும் யாராவது தும்மத்தான் செய்வார்கள். நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தால், கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டு. எங்கள் குடும்பம் கேட்க வேண்டிய மன்னிப்பெல்லாம் நான் கேட்டு முடித்துவிட்டேன். நீ ஒருவரிடமும் கேட்காதே, கதவை அகலத் திறந்து வை.

உன் அப்பா